வேலை செய்கிறது, ஏன் என்று தெரியாது: ஓர் இரும்புத் துண்டின் 75 வருடக் கதை

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வசனம் நன்றாகப் பழக்கம்: "ஓடுதுல்ல? அப்புறம் ஏன் அதுல கை வைக்கிற?" எப்போதோ யாரோ எழுதிவிட்டுப் போன நிரல். எப்படி வேலை செய்கிறது என்று இப்போது இருப்பவர் யாருக்கும் தெரியாது. ஆனால் தினமும் ராத்திரி சரியாக ஓடி முடித்துவிடும். அதை நம்பி ஒரு கம்பெனியே நடக்கும்.

வேதியியலில் இப்படி ஒரு விஷயத்தை நம்பி உலகத்தில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். காற்றிலிருந்து அம்மோனியா தயாரிக்கப் பயன்படும் இரும்பு வினையூக்கியைத்தான் சொல்கிறேன். அது 1910 வாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏன் வேலை செய்கிறது என்பது உறுதியாகத் தெரிய வந்தது 1980 வாக்கில். இடைப்பட்ட காலத்தில் இரண்டு உலகப் போர்கள் நடந்து முடிந்தன. மனிதன் நிலாவுக்கே போய் வந்துவிட்டான். யூரியா மூட்டைகள் எல்லா ஊர் வயல்களுக்கும் வந்து சேர்ந்தன.

"எப்படி" தெரிந்தும் "ஏன்" தெரியாமல் ஒரு தொழில்நுட்பம் இத்தனை வருடம் ஓடலாமா? ஓடினால் என்ன ஆபத்து? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பெயர் வைத்தால் போதுமா?

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1823-ல் ஜெர்மனியின் யெனா நகரில் டோபரைனர் என்ற வேதியியலாளர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சினார். தீக்குச்சி இல்லை, பொறி இல்லை, வாயு தானாகப் பற்றிக்கொண்டது. பிளாட்டினம் அப்படியே இருந்தது. அவர் இதை வைத்து ஒரு விளக்கே செய்துவிட்டார். துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் தரும், பிளாட்டினம் அதைப் பற்ற வைக்கும். தீப்பெட்டி பரவலாக வருவதற்கு முந்தைய காலத்து லைட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் விற்றது. ஏன் எரிகிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது, கண்டுபிடித்தவருக்கும் தெரியாது.

1835-ல் ஸ்வீடனின் பெர்சீலியஸ் இதுபோன்ற நிகழ்வுகளை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து 'கேட்டலிசிஸ்' என்று பெயர் வைத்தார். பெயர்தான் வந்தது, விளக்கம் வரவில்லை. ஏதோ ஒரு 'வினையூக்கும் சக்தி' அந்தப் பொருட்களில் இருப்பதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அறுபது வருடம் கழித்து வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதைக் கொஞ்சம் சுத்தப்படுத்தினார். வினையூக்கி எதையும் புதிதாக நடத்தி வைப்பதில்லை, ஏற்கெனவே நடக்கக்கூடிய ஒன்றின் வேகத்தை மட்டுமே மாற்றும் என்றார். வினை கடைசியில் எந்தச் சமநிலையில் போய் நிற்கும் என்பதில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது. இந்த வேலைக்காக அவருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நாம் பள்ளியில் படித்த "தான் மாற்றமடையாமல் வினையின் வேகத்தை மாற்றும் பொருள்" என்ற வரையறை இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதில் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துவிடுகிறது. 'மாற்றமடையாமல்' என்றால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது என்று அர்த்தமில்லை. வினையூக்கி நடுவில் இறங்கி, கட்டிப் பிடித்து, பிணைப்புகளை உடைத்து, கடைசியில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த நடுப்பகுதிக்குப் பெயர்தான் வினை வழிமுறை. ஆஸ்ட்வால்டின் வரையறை ஆரம்பத்தையும் முடிவையும் சொன்னது. நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை.

நைட்ரஜன் என்ற அழுத்தக்காரன்

1898-ல் வில்லியம் குரூக்ஸ் பிரிஸ்டல் நகரில் ஓர் உரை ஆற்றினார். கோதுமை உண்ணும் நாடுகளில் மக்கள்தொகை ஏறுகிறது, மண்ணுக்கு நைட்ரஜன் வேண்டும், அதற்கு நாம் நம்பியிருப்பது சிலி நாட்டின் வெடியுப்புப் படிவங்களை, அது ஒருநாள் தீரும் என்று எச்சரித்தார். காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம் இருக்கிறதே, அதை எடுக்க வேதியியலாளர்கள் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

பிரச்சினை, நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மோலைப் பிரிக்க 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சரி, நன்றாகச் சூடாக்கி உடைக்கலாமே என்றால் அங்கே இன்னொரு சிக்கல். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும்போது வெப்பம் வெளிவரும். அப்படிப்பட்ட வினையில் சூடு ஏற ஏற, சமநிலை பின்பக்கம் சாயும். குளிராக வைத்தால் வினையே நடக்காது, சூடாக்கினால் உண்டான அம்மோனியா சிதைந்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொஞ்சம் சாதகம் கிடைக்கும். ஆனால் மிதமான சூட்டில் வேலையை நடத்தித் தர ஒரு வினையூக்கி கட்டாயம் வேண்டும்.

1900-ல் ஆஸ்ட்வால்டே இதில் இறங்கினார். சூடான இரும்புக் கம்பியின் மேல் வாயுக்களைச் செலுத்தி அம்மோனியா கிடைத்துவிட்டது என்று பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தை அணுகினார். சரிபார்க்கும் வேலை, புதிதாகச் சேர்ந்திருந்த கார்ல் போஷ் என்ற இளைஞரிடம் வந்தது. போஷ் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, அம்மோனியாவில் இருக்கும் நைட்ரஜன் காற்றிலிருந்து வந்ததில்லை, இரும்புக்குள் ஏற்கெனவே இருந்த நைட்ரைடு கலப்பிலிருந்து வந்தது என்று காட்டினார். அனுபவமில்லாத ஆளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆஸ்ட்வால்ட் கோபப்பட்டார். ஆனால் கடைசியில் காப்புரிமை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்.

இதில் ஒரு வேடிக்கை. ஆஸ்ட்வால்ட் தொட்ட உலோகம் சரியானதுதான். முடிவு மட்டும் தப்பு. இரும்பு ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹாபரின் ஆஸ்மியம், மித்தாஷின் இரும்பு

அடுத்து வந்தவர் கார்ல்ஸ்ரூவில் பேராசிரியராக இருந்த ஃபிரிட்ஸ் ஹாபர். 1905-ல் ஆயிரம் டிகிரி சூட்டில் செய்து பார்த்து, கிடைக்கும் அளவு அற்பம் என்று ஏறக்குறைய கைவிட்டார். 1907-ல் ஹாம்பர்க் கூட்டத்தில் நெர்ன்ஸ்ட் எல்லார் முன்னிலையிலும் அவருடைய எண்கள் தவறு என்று சொன்னதும் ரோஷம் வந்துவிட்டது. ஜெர்சி தீவிலிருந்து வந்த ராபர்ட் லே ரோசினோல் என்ற திறமையான உதவியாளருடன் உயர் அழுத்தக் கருவி ஒன்றைக் கட்டினார். 1909 ஜூலை 2 அன்று, ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தை வினையூக்கியாக வைத்து, பி.ஏ.எஸ்.எஃப். ஆட்கள் முன்னால் செய்து காட்டினார். கருவியில் ஒரு போல்ட் கழன்று தாமதமாக, போஷ் கிளம்பிப் போய்விட்டார். (டெமோ அன்றைக்கு மட்டும் கோளாறு வருவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை போல.) ஆனால் பொறுமையாகக் காத்திருந்து அம்மோனியா சொட்டுவதைப் பார்த்த ஒருவர் இருந்தார். அவர் ஆல்வின் மித்தாஷ்.

நிறுவனம் உலகச் சந்தையில் கிடைத்த ஆஸ்மியம் முழுவதையும் வாங்கியது. மொத்தமே ஏறக்குறைய 100 கிலோதான். இதை வைத்து உலகத்துக்கு உரம் போட முடியாது. மலிவான வேறொன்று வேண்டும்.

எது என்று சொல்ல அப்போது எந்தக் கோட்பாடும் கிடையாது. மித்தாஷ் செய்தது என்னவென்றால், முதலில் சோதிக்கும் முறையை மலிவாக்கினார். அவருடைய சக ஊழியர் கியோர்க் ஷ்டெர்ன் சின்னச் சின்னச் சோதனை உலைகளை வடிவமைத்தார். சில கிராம் வினையூக்கி ஒரு குழலில் இருக்கும், அதைக் கழற்றி அடுத்ததை மாட்டலாம். பல உலைகள் ஒரே சமயத்தில் ஓடும், எல்லாவற்றிலும் அழுத்தமும் சூடும் ஒன்றே. இன்றைக்கு நாம் 'ஆட்டோமேட்டட் டெஸ்டிங்' என்று சொல்வதன் பாட்டனார். 1912 தொடக்கத்துக்குள் சுமார் 2,500 வினையூக்கிகள், 6,500 சோதனைகள் முடிந்திருந்தன.

இதைக் "கண்ணை மூடிக்கொண்டு தேடினார்கள்" என்று எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திருப்பம் வந்தது 1909 நவம்பரில், மிக ஆரம்பத்திலேயே. உதவியாளர் வோல்ஃப், ஸ்வீடனின் கெல்லிவாரே சுரங்கத்து மேக்னடைட் இரும்புத் தாதுவைப் போட்டுப் பார்த்தபோது எதிர்பாராத அளவுக்கு அம்மோனியா வந்தது. வேறு இடத்து மேக்னடைட் போட்டால் வரவில்லை. சுத்தமான இரும்பு போட்டாலும் வரவில்லை. இந்த மாதிரி விசித்திரமான முடிவு வந்தால் பலர் "ஏதோ அளவீட்டுப் பிழை" என்று தள்ளிவிடுவார்கள். மித்தாஷ் தள்ளவில்லை. அந்தத் தாதுவில் கலந்திருக்கும் ஏதோ ஒரு அழுக்குதான் வேலையைச் செய்கிறது என்று ஊகித்தார். சுத்த இரும்பை எடுத்து ஒவ்வொரு பொருளாகச் சேர்த்துப் பார்த்தார். 1910 தொடக்கத்தில் விடை கிடைத்தது: இரும்புடன் கொஞ்சம் அலுமினியம் ஆக்சைடு, மிகச் சிறிதளவு பொட்டாசியம். பின்னால் கால்சியமும் சேர்ந்தது.

எதைச் சேர்த்தால் கெடும் என்ற பட்டியலும் அதே சோதனைகளில் கிடைத்தது. கந்தகம், பாஸ்பரஸ், ஆர்செனிக் எல்லாம் இந்த இரும்புக்கு விஷம், துளி போதும். இன்று தூத்துக்குடியிலும் மணலியிலும் இருப்பது போன்ற உர ஆலைகளில் வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்க முதலிலேயே தனிப் பகுதி வைத்திருப்பது இதனால்தான்.

ஒரே ஆலை, இரண்டு பாடம்

1913 செப்டம்பரில் லுட்விக்ஸ்ஹாஃபன் பக்கத்தில் ஓப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 30 டன் அளவில் அம்மோனியா. பதினோரு மாதத்தில் போர் வந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை சிலி வெடியுப்பை நிறுத்தியதும், உரத்துக்காகக் கட்டிய ஆலையின் அம்மோனியா 1915-லிருந்து நைட்ரிக் அமிலமாக மாறி வெடிமருந்துக்குப் போனது. இந்த வினையூக்கி இல்லாவிட்டால் ஜெர்மனி அத்தனை வருடம் போரிட்டிருக்க முடியாது. ஹாபர் அதே 1915-ல் ஈப்ரா போர்முனையில் குளோரின் வாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தியவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துவது போர் முடிந்தபின் நடந்தது.

ஓப்பாவ் ஆலையில் அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் தயாரித்துக் கிடங்கில் குவிப்பார்கள். அது ஈரம் பட்டுப் பாறையாக இறுகிவிடும். கடப்பாரை போட்டுப் பெயர்க்க முடியாது. அதனால் சிறிய வெடி வைத்து உடைப்பது வழக்கம். கேட்கவே பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அவர்கள் சோதித்துத்தான் செய்தார்கள். நைட்ரேட்டின் விகிதம் ஒரு வரம்புக்குள் இருந்தால் கலவை வெடிக்காது என்று பரிசோதனைகள் காட்டின. ஆயிரக்கணக்கான தடவை வெடி வைத்து உடைத்தும் இருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை.

1921 செப்டம்பர் 21 காலை ஏழரை மணிக்கு ஆயிற்று. கிடங்கில் இருந்த சுமார் 4,500 டன்னில் ஒரு பகுதி வெடித்தது. ஐந்நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஓப்பாவ் ஊரின் பெரும்பகுதி தரைமட்டம். அந்த வருடம்தான் உரத்தை உலர்த்தும் முறையை மாற்றியிருந்தார்கள். ஈரப்பதம் முன்பைவிடக் குறைந்தது, தூள் நுண்மையானது, கலவை எல்லா இடத்திலும் சீராக இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம்.

மித்தாஷின் வினையூக்கியும் இந்த உரக் குவியலும் ஒரே நிறுவனத்துடையவை. இரண்டுமே ஆயிரக்கணக்கான சோதனைகளின் பலத்தில் நின்றவை. இரண்டிலும் "ஏன்" தெரியாது. முதலாவது சோறு போட்டது, இரண்டாவது ஆளைக் கொன்றது. வித்தியாசம் எங்கே? மித்தாஷின் உலைகளில் நிலைமைகள் மாறாமல் இருந்தன. ஒவ்வொரு மாற்றத்தையும் அவரே வேண்டுமென்று செய்து, விளைவைக் குறித்துக்கொண்டார். கிடங்கில் நிலைமை மாறியது, பழைய சோதனை முடிவு மட்டும் மாறாமல் தொடர்ந்தது. "இதுவரை ஒண்ணும் ஆகல" என்பது எந்த எல்லைக்குள் உண்மை என்று வழிமுறை தெரிந்தவருக்கு மட்டுமே சொல்ல முடியும்.

ஏன் என்று கேட்டவர்கள்

அமெரிக்காவில் 1930-களில் பால் எம்மெட்டும் ஸ்டீபன் புரூனரும் இந்த இரும்பின் மேல் நைட்ரஜன் எவ்வளவு வேகத்தில் ஒட்டுகிறது என்று அளந்தார்கள். அந்த வேகமும் அம்மோனியா உண்டாகும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அப்படியானால் தாமதம் அங்கேதான். நைட்ரஜன் இரும்பில் போய் ஒட்டுவதுதான் மெதுவான படி, மற்றதெல்லாம் வேகமாக நடந்துவிடுகிறது. நம்ம பாஷையில், 'பாட்டில்நெக்' எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

வினையூக்கியின் உண்மையான மேற்பரப்பு எவ்வளவு என்று அளக்கவும் இவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. ஏனென்றால் பார்க்கக் கரித்துண்டு மாதிரி இருக்கும் அதில், ஒரு கிராமுக்குள் ஓர் அறை அளவுக்கு மேற்பரப்பு ஒளிந்திருக்கிறது. அதற்காக 1938-ல் எட்வர்ட் டெல்லருடன் சேர்ந்து உருவாக்கியதுதான் இன்றும் எல்லா ஆய்வகங்களிலும் பயன்படும் பி.இ.டி. முறை. ஆமாம், பின்னால் ஹைட்ரஜன் குண்டுக்குப் பெயர்போன அதே டெல்லர்தான்.

ஆனால் முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது. நைட்ரஜன் மூலக்கூறு முழுசாக ஒட்டி, ஹைட்ரஜன் அதில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பிறகு உடைகிறதா? அல்லது முதலிலேயே இரண்டு அணுக்களாக உடைந்து, அப்புறம் ஹைட்ரஜன் சேர்கிறதா? 200 வளிமண்டல அழுத்தத்தில், 450 டிகிரியில், கருப்புத் துண்டின் உள்ளே நடப்பதை யார் எட்டிப் பார்ப்பது?

1970-களில் மியூனிக்கில் கெர்ஹார்ட் எர்ட்ல் நேர் எதிர்த் திசையில் போனார். ஆலையின் அழுக்குத் துண்டை விட்டுவிட்டு, ஒரே படிகமான தூய இரும்பை எடுத்தார். உயர் அழுத்தத்துக்குப் பதில் ஏறக்குறைய முழு வெற்றிடம். அங்கே மேற்பரப்பில் எந்த அணு எத்தனை இருக்கிறது என்று எண்ணும் கருவிகள் அப்போதுதான் வந்திருந்தன. இரும்பின் மேல் தனித்தனி நைட்ரஜன் அணுக்கள் இருப்பதை அவர் கண்டார். ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்தது. அதாவது, அவைதான் செலவாகின்றன. ஆக, முதலில் உடைகிறது, பிறகுதான் சேர்கிறது.

முழு வழிமுறையும் இப்போது படி படியாகத் தெரிந்தது. நைட்ரஜன் மூலக்கூறு இரும்பில் வந்து படிகிறது. பத்து லட்சம் மோதல்களில் ஒன்று என்ற கணக்கில்தான் அது இரண்டாக உடைகிறது. ஆனால் ஒவ்வோர் இரும்பு அணுவின் மேலும் நொடிக்குக் கோடிக்கணக்கில் மோதல்கள் நடப்பதால் அதுவே போதும். ஹைட்ரஜன் சுலபமாக உடைந்து பக்கத்தில் காத்திருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நைட்ரஜனுடன் சேர்கிறது. அம்மோனியா பிரிந்து போகிறது. இடம் காலியாகிறது. செங்குத்தான மலையை ஒரே மூச்சில் ஏறுவதற்குப் பதில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது மாதிரி.

மித்தாஷின் 'அழுக்குகள்' ஏன் தேவைப்பட்டன என்பதற்கும் விடை கிடைத்தது. அலுமினியம் ஆக்சைடு, சூட்டில் இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி மேற்பரப்பு குறைந்துவிடாமல் தடுக்கும் தூண். பொட்டாசியம், இரும்புக்கு எலக்ட்ரான் அடர்த்தியைக் கொடுத்து நைட்ரஜனின் பிணைப்பைத் தளர்த்துகிறது. கலிபோர்னியாவில் காபோர் சொமோர்ஜாய் இரும்புப் படிகத்தின் வெவ்வேறு முகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு முகம் இன்னொரு முகத்தைவிட 400 மடங்கு வேகமாக வேலை செய்தது. அணு ஒன்றுதான், அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு.

வெற்றிடத்தில் பார்த்தது ஆலைக்குப் பொருந்துமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. 1985-ல் டென்மார்க்கின் ஸ்டோல்ட்சும் நோர்ஸ்கோவும் எர்ட்ல் முதலானோரின் அளவீடுகளை மட்டும் வைத்து, உண்மையான உலையில் எவ்வளவு அம்மோனியா வரும் என்று கணக்குப் போட்டார்கள். விடை பொருந்தியது. எர்ட்லுக்கு 2007-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, அவருடைய 71-வது பிறந்த நாளன்று.

அதனால் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. இத்தனையும் தெரிந்தபின் வினையூக்கி பெரிதாக மாறிவிட்டதா என்றால், இல்லை. ருத்தேனியம் வைத்துச் சில ஆலைகள் வந்தன. ஆனால் வருடத்துக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியாவில் பெரும்பகுதி இன்னும் மித்தாஷின் செய்முறையில்தான் வருகிறது: இரும்பு, அலுமினியம், பொட்டாசியம், கால்சியம்.

ஆனால் வழிமுறை தெரிந்ததால் ஒரு புதிய வகை விடை கிடைத்தது. நைட்ரஜனைத் தளர்வாகப் பிடிக்கும் உலோகம் அதை உடைக்காது. இறுக்கிப் பிடிக்கும் உலோகம் உடைக்கும், ஆனால் விடாது. பிடிப்பின் அளவைக் கிடையாகவும் வேகத்தை நெடுக்காகவும் வைத்து வரைந்தால் எரிமலை வடிவில் ஒரு கோடு வரும். உச்சியின் அருகே இருப்பவை ருத்தேனியம், இரும்பு, ஆஸ்மியம். ஹாபரின் கையில் முதலில் கிடைத்தது ஆஸ்மியம், மித்தாஷ் தேர்ந்தெடுத்தது இரும்பு. தோற்றுப்போன மற்ற உலோகங்கள் ஏன் தோற்றன என்பதும் அதே படத்தில் இருக்கிறது. கோபால்ட்டும் நிக்கலும் ஒரு பக்கச் சரிவில், மாலிப்டினம் மறுபக்கச் சரிவில்.

சோதனை ஜெயித்ததைக் காட்டும். வழிமுறை, ஜெயித்தது எதுவரை ஜெயிக்கும் என்பதையும் சொல்லும். மித்தாஷுக்கு இரண்டாவது கிடைக்கவில்லை, ஆனால் முதலாவதை அவர் நேர்மையாகச் செய்தார். உரக் கிடங்கில் இருந்தவர்களிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

"ஓடுதுல்ல?" என்று அடுத்த தடவை யாராவது கேட்டால், ஓடட்டும், தாராளமாக ஓடட்டும். சுற்றியிருக்கும் எது மாறினால் அது நின்றுபோகும் என்று மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத முடியவில்லை என்றால், வேலை இன்னும் முடியவில்லை.